இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற

சித்தேரிப்பட்டியில் முத்திருளனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மிலிட்டரி’ என்றால் அவர்தான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு எழுபத்தைந்தாம் வருஷம் பென்ஷனோடு ஊர் திரும்பினார். வந்த மூன்றாம் மாதமே, பட்டாளம் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஒரு டன் டிரக் ஒன்றைப் பெங்களூரில் ஏலத்தில் எடுத்து, இரண்டு நாள் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பச்சைப் பெயிண்ட் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. இடது பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஆனால் இன்ஜின் சத்தம் பிசிறில்லாமல் இருந்தது. அவருக்கு அது போதும்.

வண்டி எதற்கென்று ஊரில் யாரும் கேட்கவில்லை. சித்தேரிப்பட்டி வைகையின் தென்கரை. ரயிலும் சந்தையும் வடகரையில், சோழவந்தானில். நடுவில் ஆறு. வருஷத்தில் பத்து மாதம் அதில் மணல்தான் கிடக்கும். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் போய்விடும். ஊர் முழுக்க வெற்றிலைக் கொடிக்கால். விடிந்ததும் கிள்ளிய வெற்றிலையை நூறு நூறாக அடுக்கி, வாழைச் சருகு வைத்துக் கூடையில் கட்டி, பதினொரு மணி ரயிலுக்குள் அக்கரை சேர்த்தாக வேண்டும். ரயில் போய்விட்டால் மறுநாள் அந்தக் கூடையைத் திறந்து பார்க்கக்கூட ஆள் வராது. அதுவரை பெண்கள் தலைச்சுமையாகத்தான் ஆற்றைக் கடந்தார்கள். முத்திருளனின் மனைவி சோலையம்மாளும் கல்யாணமான நாளிலிருந்து சுமந்தவள்தான்.

வண்டி வந்தபிறகு கூடைகள் வண்டியில் போயின. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் பட்டாளத்து வண்டி. மணலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, பத்தே நிமிஷத்தில் அக்கரை போய் நிற்கும். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. சோலையம்மாளின் கழுத்துவலி கூடக் குறைந்திருந்தது.

எழுபத்தேழாம் வருஷ ஐப்பசி வெள்ளம் ஆற்றைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கெட்டியாக இருந்த தடம் அடித்துக்கொண்டு போய், புதுமணல் மாவு மாதிரி வந்து படிந்தது. அதற்கடுத்த கோடையில் முன் ஆக்சிலின் மூட்டு உடைந்தது. அதற்குப் பதில் மூட்டு திருச்சியிலும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் முன்பக்கத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் போட்டார். அன்றிலிருந்து பின் சக்கரம் இரண்டுதான் வண்டியை இழுக்க வேண்டும். அதிலும் ஒன்றுதான் சுற்றியது. நடு ஆற்றில் ஒரு சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு விர்ரென்று சுற்ற, மற்றது அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் கூடையோடு வண்டியில் வந்த சோலையம்மாள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏங்க, ஒண்ணு பேய் பிடிச்ச மாதிரி சுத்துது, இன்னொண்ணு சும்மா கிடக்கு. அது என்ன கணக்கு?”

“ரெட்டை மாடு பூட்டி வண்டி திருப்புறப்ப வெளி மாடு கூட நடக்கணுமா இல்லையா? அது மாதிரி சக்கரமும் ஒண்ணு கூடச் சுத்தணும், ஒண்ணு கொறைச்சுச் சுத்தணும். அதுக்காகப் பின்னாடி அந்த உருண்டைக்குள்ள பல்லு வச்சிருக்கான். டிஃபரன்ஷியல்ண்டு பேரு. அதுல ஒரு குத்தம் இருக்கு. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, விசையெல்லாம் அதுக்கே போயிரும்.”

“வேலை செய்யிறவனுக்குக் குடுக்காம வெட்டியாச் சுத்துறவனுக்கா குடுக்கும்? நல்லா இருக்கே மிசினு!”

அவர் சிரித்தார். ஆனால் அன்றைக்கு ரயில் தவறியது. அந்த மாதத்தில் அது நான்காவது தடவை.

முதலில் தன் கைவேலையை நம்பிப் பார்த்தார். பின்பக்க பிரேக் குழாயைப் பிரித்து, இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் கைப்பிடி வைத்தார். சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்தால் விசை மறுபக்கம் போகும். யோசனை சரிதான். முதல் வாரம் பிரமாதமாக வேலை செய்தது. மூன்றாம் வாரம் பிரேக் கட்டைக்குள் மணல் புகுந்து கருகிய நாற்றம் அடித்தது. ஒரு மாதத்தில் இரண்டு செட் கட்டை போனது. சோழவந்தான் இறக்கத்தில் ஒருநாள் பிரேக்கே பிடிக்காமல் வண்டி ஒரு கீரைக்காரியின் கூடை வரைக்கும் போய் நின்றது. அன்றைக்கே கைப்பிடி இரண்டையும் கழற்றிவிட்டார்.

எண்பதாம் வருஷம் ஆவணியில் காசிமாயன் வீட்டுக்கு வந்தான். சோலையம்மாளின் தம்பி. ஊரில் பெரிய கொடிக்கால் அவனுடையதுதான். வந்தவன் உட்காரவில்லை.

“மச்சான், நான் சொல்றண்டு வருத்தப்படக் கூடாது. கொடிக்கால்காரங்க எல்லாம் பேசிக்கிட்டாக. தை மாசம் வரைக்கும் பாப்போம், அதுக்கு மேல வேற ஏற்பாடு பண்ணிக்கிருவோம்ண்டு.”

“என்ன ஏற்பாடு மாப்ள?”

“டிராக்டர் வாங்கலாமாண்டு ஒரு பேச்சு இருக்கு. அதுல மிதிச்சா ரெண்டு சக்கரமும் சேந்து சுத்துற மாதிரி ஒரு பெடலே இருக்காம்ல?”

“இருக்கு,” என்றார் முத்திருளன். மறுநாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனார்.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் சௌரிராஜனின் லேத் பட்டறை இருந்தது. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, பதினைந்து வயதிலேயே தறியை விட்டு இரும்புக்கு வந்தவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வண்டி வந்த நாளிலிருந்து அதன் வியாதியெல்லாம் அவருக்குத் தெரியும். முத்திருளன் சொல்லி முடிக்கும்வரை கடைந்துகொண்டிருந்த இரும்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு லேத்தை நிறுத்தினார்.

“மூணு வழி இருக்கு மிலிட்டரி. ஒண்ணு, மெட்ராஸ்ல புதுப்பேட்டைக்குப் போய்த் தேடறது. உன் வண்டி சைஸுக்கே, லீவரை இழுத்தா ரெண்டு சக்கரமும் ஒண்ணாப் பூட்டிக்கிற டிஃபரன்ஷியல் பட்டாளத்துச் சாமானா எப்பவாச்சும் வரும். வந்தா, நீ வண்டி எடுத்த விலையில பாதி கேப்பான்.”

“அது ஆகாதுண்ணே. ரெண்டாவது?”

“கீழவெளி வீதிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில ஒண்ணு கிடக்கு. ஏதோ சுரங்கத்து லாரியோடது. மணல்ல தானாப் பூட்டிக்கும், ரோட்டுல தானா விட்டுரும். ஆனா பல்லு பாதி தேஞ்சது. உன் வண்டிக்குள்ள உக்கார வைக்கணும்னா நான் ஒரு வாரம் கடையணும். விலை முதல்ல சொன்னதுல பாதி வரும். உக்காந்தாலும் எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“மூணாவது?”

சௌரிராஜன் கையைத் துடைத்தார். துடைத்த துணியை மடித்து வைத்தார். “உள்ள இருக்கிற சின்னப் பல்லு நாலையும் ஒண்ணோட ஒண்ணு வெல்டு வச்சிட வேண்டியது. ராடு காசும் என் கூலியும்தான். ரெண்டு சக்கரமும் எப்பவும் சேந்துதான் சுத்தும், பிரியவே பிரியாது. மணல்ல ராஜா மாதிரி போகும். ஆனா டார் ரோட்டுல திரும்புறப்பவும் சேந்துதான் சுத்தும். டயர் அழும். ஆக்சில் தண்டு முறுக்கிக்கும். என்னைக்காவது ஒருநாள் உடைக்கும். என்னைக்குன்னு கேக்காதே.”

பத்து நாள் முத்திருளனுக்கு அதே நினைப்புதான். மூன்று தடவை அந்த இரும்புக் கடைக்குப் போனார். எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்த அந்தச் சுரங்கத்துச் சாமானைத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். சாக்கால் துடைத்து ஒவ்வொரு பல்லாக விரல் நுனியால் தடவினார். சில பல்லில் விளிம்பு இருந்தது, சிலவற்றில் இல்லை. கையால் திருகினால் உள்ளே ஏதோ ‘கடக்’ என்று விழுந்தது. அது பூட்டும் சத்தமா, உடைந்த சத்தமா என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. மூன்றாம் தடவை அவரே சொல்லிவிட்டார்: “அண்ணாச்சி, எடுக்குறதுண்டா எடுங்க. தினம் வந்து தடவிப் பாத்தா பல்லு வளராது.”

சோலையம்மாள் அந்தச் சாமானையே எடுக்கச் சொன்னாள். “தேஞ்சதுண்டாலும் அதுக்குண்டு செஞ்சது தானே? தானா விடும்ங்கிறாக. ஒட்டுப்போட்டது எப்பிடிங்க விடும்?”

“அதை எடுத்தா உன் கழுத்துல கிடக்கிறதைக் கழட்டணும்.”

“கழட்டுங்க.”

“கழட்டி அது பத்து நாள்ல போயிருச்சுண்டா?”

கையில் இருப்பதை வைத்து எது ஆகுமோ அதைத்தான் செய்ய முடியும் என்று பட்டாளத்தில் அவருக்குப் பழக்கியிருந்தார்கள். வெல்டு வைத்துவிடலாம் என்று சௌரிராஜனிடம் சொன்னார்.

சௌரிராஜன் அந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை. கடினப்படுத்திய பல்லில் சாதாரண வெல்டு நிற்காது என்று, நான்கையும் கரி அடுப்பில் கருஞ்சிவப்பாகும்வரை காய்ச்சி, சூட்டோடு வெல்டு வைத்து, விறகுச் சாம்பலுக்குள் புதைத்து மறுநாள்வரை மெதுவாக ஆறவிட்டார். எடுத்தபோது நான்கும் ஒரே கட்டியாக இருந்தது. சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். “மணி மாதிரி இருக்கு. ரோட்டுல மட்டும் வெரசாத் திருப்பாதே,” என்று சொல்லி மாட்டிவிட்டார்.

முதல் நாள் முத்திருளன் வண்டியை ஆற்றுக்குள் இறக்கியபோது கரையில் பாதி ஊர் நின்றது. வண்டி ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. பிறகு மணலைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. நடுவில் நிற்கவில்லை. அக்கரை மேட்டில் ஏறியபோது முதல்முறையாக ஹாரனை நீட்டி அடித்தார். நாற்பத்தாறு வயசு ஆளுக்கு அது தேவையில்லாத வேலைதான். அன்றைக்கு அவருக்கு அடிக்கத் தோன்றியது.

அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு ரயில்கூடத் தவறவில்லை. காசிமாயன் டிராக்டர் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சோழவந்தான் தெருவுக்குள் நுழைந்தால் வண்டி அழும். ஒவ்வொரு திருப்பத்திலும் பின் டயர் இரண்டும் தாரில் இழுபட்டுக் கிரீச்சிடும். கடைக்காரர்கள் ‘அழுகுணி வண்டி வருது’ என்பார்கள். முத்திருளனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதைவிடக் கையில்தான் அதிகம் தெரியும். ஸ்டியரிங் விறைத்துக்கொண்டு நிற்கும். வண்டிக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். நடந்து போகிற ஆள் வேகத்தில் திருப்புவார். ரயிலடித் திருப்பத்தில் இறங்கி, சாக்கில் கொண்டுவந்த ஆற்று மணலைத் தாரில் தூவிவிட்டு, அதன்மேல் திருப்பிக்கொண்டு போன நாளும் உண்டு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் மறுநாளும் தூவினார்.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரை வந்தது. சாமி ஆற்றில் இறங்கும் மதுரைத் திருவிழாவுக்காக வைகை அணையில் தண்ணீர் திறந்திருப்பதாகவும், இன்ன நாள் சாயங்காலம் நான்கு மணிவாக்கில் சோழவந்தானைத் தாண்டும் என்றும் இரண்டு நாள் முன்னாலேயே தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார்கள். திருவிழா வெற்றிலைக்கு இருக்கிற கிராக்கி வேறு எப்போதும் இருக்காது. தண்ணீர் வந்துவிட்டால் ஒரு வாரம் ஆற்றைக் கடக்க முடியாது. அதனால் அந்த நாள் காலையில் ஒரு நடை போய்விட்டு, பத்து மணிக்கு இரண்டாவது நடைக்கு முப்பத்திரண்டு கூடை ஏற்றினார். அவசரம் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு ஆறு மணி நேரம் இருந்தது.

நடு ஆற்றைத் தாண்டியதும் பின்னால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி அப்படியே குத்திக்கொண்டு நின்றது. கிளட்சை விட்டுப் பார்த்தார். இன்ஜின் அணைந்தது. சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இறங்கி, மணலில் படுத்து, உருண்டையின் மூடியைக் கழற்றினார். வெல்டு கட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு பெரிய பல்லுக்கும் சின்னப் பல்லுக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்கியிருந்தது. கடப்பாரையால் நெம்பினார். சுத்தியலால் அடித்தார். அது அசையவில்லை.

பெண்கள் வந்து கூடைகளை இறக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சோலையம்மாள் மூன்று தடவை போய்த் திரும்பினாள். கூடை ஒன்றுகூட வீணாகவில்லை. காசிமாயன் இரண்டு ஜோடி மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். சக்கரம் சுற்றாத வண்டியை மாடு எப்படி இழுக்கும்? நுகத்தடி முறிந்ததுதான் மிச்சம்.

முத்திருளனுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த வண்டியில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்சில் தண்டை வெளியே உருவிவிடலாம். இரண்டு தண்டையும் உருவிவிட்டால் உள்ளே என்ன சிக்கியிருந்தாலும் சக்கரம் தனியாக உருளும், மாடு இழுத்துவிடும். வலது பக்கம் எட்டு போல்ட்டையும் கழற்றி இழுத்தார். எண்ணெய் வழிய வழியத் தண்டு கைக்கு வந்தது. காசிமாயன் கத்தியே விட்டான்: “வந்துருச்சு மச்சான்!”

இடது பக்கம் வரவில்லை. எட்டு மாதம் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்குப்பட்டு முறுக்குப்பட்டு, தண்டின் உள்நுனி ஜிலேபி மாதிரி திருகிப் போய்ப் பல்லுக்குள் இறுகிவிட்டது. சங்கிலி கட்டி இழுத்தார்கள். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மறுபடி மாட்டைப் பூட்டியபோது வண்டி இடது சக்கரத்தைச் சுற்றி அரை வட்டம் திரும்பி, அந்தச் சக்கரம் இன்னும் ஒரு முழம் உள்ளே புதைந்தது.

மூன்றரை மணிக்கு மேற்கே கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். தண்ணீர் ஓடி வரும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஊர்ந்து வந்தது ஆச்சரியமாக இருந்தது. அழுக்கு நுரையும் சருகும் செத்தையுமாக, மணலின் பள்ளம் பார்த்து நாக்கு நாக்காக நீண்டு வந்தது. முதலில் முன் டயரைத் தொட்டு இரண்டாகப் பிரிந்தது. அப்போதும் முத்திருளன் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். கையில் சுத்தியல் இருந்தது. முதுகு நனைந்ததும்தான் வெளியே வந்தார்.

“வாங்க மச்சான், போதும்,” என்று காசிமாயன் கையைப் பிடித்தான்.

“பேட்டரியையாவது கழட்டுறேன் மாப்ள.”

பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரைக்கு வந்தார். கரை முழுக்க ஜனம். சாமிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். அவர் அவர்களோடு நின்று பார்த்தார். பானெட் மூழ்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஒன்பது நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து இருக்கை மட்டத்துக்கு மணலில் புதைந்திருந்தது. தோண்டி எடுக்க மூன்று நாள் பிடித்தது. இன்ஜினுக்குள் வண்டல் இறுகியிருந்தது. சேதி கேட்டுச் சௌரிராஜன் ரயிலேறி வந்தார். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பிளந்த வெல்டுத் துண்டை வாங்கி மூக்குக்கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார்.

“நடுவுல ஒரு நூலளவு காத்து நின்னிருக்கு மிலிட்டரி. தட்டிப் பாத்தப்போ எனக்குக் கேக்கலை.”

“உடைக்கும்ண்டு சொல்லிட்டுத்தானண்ணே வச்சீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தானே வைக்கச் சொன்னேன்.”

சோலையம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சௌரிராஜன் மத்தியான ரயிலுக்குப் போனார். வண்டி இரும்பு விலைக்குப் போயிற்று.

ஆடியில் காசிமாயன் டிராக்டர் வாங்கினான். வாங்கின அன்றே வந்து கூப்பிட்டான்: “நீங்களே ஓட்டுங்க மச்சான். வெளியாள் எதுக்கு?” மச்சினனிடம் சம்பளத்துக்கு நிற்பதா என்று முத்திருளன் மறுத்துவிட்டார். ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தார். மார்கழியில், வேறு எதுவும் அமையாமல், அவராகவே போய்க் கேட்டார். காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டான். தவசி என்று ஒருவனைத் தீபாவளிக்கு முன்னாலேயே வைத்துவிட்டானாம். பிள்ளைகுட்டிக்காரன், எடுத்த எடுப்பில் நிறுத்த முடியாது. “சரி மாப்ள, சரி,” என்று திரும்பினார்.

அதன்பிறகு மதுரையில் ஒரு மில்லின் வாசலில் காவல் வேலை கிடைத்தது. பட்டாளத்துக்காரர் என்பதால் காக்கி உடுப்பும் விசிலும் கொடுத்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து சிம்மக்கல் பக்கம் போனவரைச் சௌரிராஜன் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தச் சுரங்கத்துச் சாமானை நத்தம் பக்கத்து மரலாரிக்காரர் ஒருவர் வாங்கிப் பூட்டியதாகவும், இரண்டாம் மாதமே பல்லெல்லாம் பொடியாகிவிட்டதாகவும் சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். முத்திருளன் கேட்டுக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது வழி நெடுக அதையே யோசித்தார். அதை வாங்கியிருக்கலாம் என்று இத்தனை நாள் மனசுக்குள் ஒரு மூலையில் நொந்துகொள்ளவாவது ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எந்தப் பக்கம் போயிருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பார்.

டிராக்டரில் பெரிய கொடிக்கால்காரர்களின் கூடைக்குத்தான் இடம் இருந்தது. அரைக் குழி, ஒரு குழி நிலம் வைத்திருந்த சின்னக் கொடிக்கால்காரர்களுக்குப் பழையபடி தலைச்சுமைதான். சோலையம்மாள் அவர்களுக்குச் சுமக்கப் போனாள். நாற்பது வயசுக்கு மேல் மறுபடி சும்மாட்டைச் சுருட்டினாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு பங்குனிச் சாயங்காலம், மில்லுக்குக் கிளம்ப உடுப்பை மாட்டிக்கொண்டிருந்த முத்திருளன், அவள் நிலைப்படியில் சாய்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு ரெண்டு கூடை சொல்லியிருக்காக,” என்றாள்.

“ஒண்ணு போதும்.”

“ஒண்ணுக்கு எம்புட்டுத் தருவாகண்டு தெரியாதா உங்களுக்கு?”

அவர் அவள் பிடரியில் எண்ணெயைத் தேய்த்தார். ஆற்றுக்கு அப்பாலிருந்து ரயில் ஊதுவது கேட்டது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, மணலுக்குள் இறங்கி நடந்தார்.